அடுத்தவர் கையில் உங்கள் பந்தயக் கார்: ராப் வாக்கரை முன்வைத்து ஒரு நிகழ்வு ஆய்வு

1968 மார்ச் மாதம், இங்கிலாந்தின் பிராண்ட்ஸ் ஹாட்ச் தடத்தில் ‘ரேஸ் ஆஃப் சாம்பியன்ஸ்’ பந்தயத்துக்கான பயிற்சி நடந்துகொண்டிருந்தது. ராப் வாக்கர் என்ற தனியார் உரிமையாளர் புதிதாக வாங்கிய லோட்டஸ் 49 பந்தயக் கார் தடத்தில் இறங்கியது. ஓட்டியவர் சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த ஜோ சிஃபர்ட். அந்தப் பயிற்சியிலேயே கார் மோதி உருக்குலைந்தது. சிஃபர்ட் பிழைத்துக்கொண்டார். மிச்சத்தை டார்க்கிங் நகரில் இருந்த வாக்கரின் பட்டறைக்குக் கொண்டுபோய்க் கழற்றிக்கொண்டிருந்தபோது எரிபொருள் ஆவி தீப்பற்றியது. உடைந்த லோட்டஸ் மட்டுமன்றி, வாக்கர் பொக்கிஷமாக வைத்திருந்த பழைய டெலாஜ் பந்தயக் காரும் எரிந்துபோனது.

அதே ஆண்டு ஜூலை 20 அன்று அதே பிராண்ட்ஸ் ஹாட்ச் தடத்தில் பிரிட்டிஷ் கிராண்ட் பிரீ நடந்தது. வாக்கரின் குழுவுக்கு அந்த வாரம்தான் புத்தம்புதிய லோட்டஸ் 49பி வந்து சேர்ந்திருந்தது. அதை அவர் மறுபடியும் சிஃபர்ட்டிடமே கொடுத்தார். லோட்டஸ் நிறுவனத்தின் சொந்தக் கார்களில் முன்னணியில் ஓடிய கிரஹாம் ஹில்லும் ஜாக்கி ஆலிவரும் அடுத்தடுத்துப் பழுதாகி நின்றார்கள். ஃபெராரியில் வந்த கிறிஸ் ஏமன் கடைசிவரை விடாமல் துரத்தினார். 80 சுற்றுகளின் முடிவில் சிஃபர்ட் 4.4 விநாடி வித்தியாசத்தில் வென்றார். உலக சாம்பியன்ஷிப் பந்தயம் ஒன்றில் சுவிட்சர்லாந்துக்காரர் ஒருவர் வென்றது அதுவே முதல் முறை. தானே கார் தயாரிக்காமல், காசு கொடுத்து வாங்கிய காரை ஓடவிட்ட ஒரு தனியார் குழு ஃபார்முலா ஒன் பந்தயத்தை வென்ற கடைசி நிகழ்ச்சி என்றும் அதைச் சொல்வார்கள்.

இந்தக் கதையை வெற்றிக் கதையாகவே எல்லாரும் சொல்கிறார்கள். எனக்கு அதில் அக்கறை குறைவு. மார்ச்சில் காரை நொறுக்கியவரிடம் ஜூலையில் இன்னொரு காரை ஒருவர் எந்த நம்பிக்கையில் கொடுத்தார் என்பதுதான் ஆராய வேண்டிய விஷயம். சொந்தப் பந்தயக் காரை நண்பரிடமோ சக போட்டியாளரிடமோ கொடுக்கலாமா என்று யோசிப்பவருக்கு, அது நூறு அறிவுரைகளைவிடப் பயன்படும்.

கொடுத்தவர்

ராப் வாக்கர் 1917-இல் பிறந்தவர். ஜானி வாக்கர் விஸ்கி குடும்பத்தின் வாரிசு. கடவுச்சீட்டில் தொழில் என்ற இடத்தில் ‘கனவான்’ என்று எழுதிக்கொண்டவர். ஆனால் பணம் இருந்ததால் கார் வைத்திருந்த செல்வந்தர் என்று அவரைத் தள்ளிவிட முடியாது. 1939-இல் லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தில் தன் டெலாஹே காரை, இயன் கானெல் என்பவருடன் மாறி மாறி ஓட்டி எட்டாவது இடம் பிடித்தவர். ஓட்டத் தெரிந்தவர், ஓட்ட ஆசைப்பட்டவர். திருமணமானபோது இனிமேல் தடப் பந்தயங்களில் ஓட்டுவதில்லை என்று மனைவிக்கு வாக்குக் கொடுத்தார். போரின்போது கடற்படை விமானங்களை ஓட்டிவிட்டுத் திரும்பினார், வாக்கைக் காப்பாற்றினார். கார்கள் மட்டும் கூடிக்கொண்டே போயின. ஆகவே அடுத்தவர்கள் ஓட்டினார்கள்.

இந்தப் பின்னணி முக்கியம். காரைக் கொடுக்கிறவர்களில் இரண்டு வகை உண்டு. கொடுத்த பிறகும் மனத்தளவில் ஸ்டியரிங்கை விடாதவர்கள் ஒரு வகை: பிட் (பந்தயத்தின் நடுவே கார்கள் வந்து நிற்கும் இடம்) சுவரோரம் நின்றுகொண்டு ஒவ்வொரு கியர் மாற்றத்துக்கும் முகம் சுளிப்பார்கள், நான் ஓட்டியிருந்தால் இந்த வளைவில் இப்படி எடுத்திருப்பேன் என்பார்கள். மற்ற வகையினர், அந்த இருக்கையில் தான் இனி இல்லை என்று ஒரு முறை முடிவுசெய்துவிட்டவர்கள். வாக்கரை இரண்டாம் வகையாக ஆக்கியது அந்த வாக்குறுதிதான் என்று நினைக்கிறேன். தன்னைவிட வேகமானவர் யார் என்ற கேள்வியோடு அவருக்குச் சண்டை இருக்கவில்லை. அந்தச் சண்டை இருக்கும் உரிமையாளர் தன் காரை யாருக்கும் கொடுக்காமல் இருப்பதே நல்லது. கொடுத்தால் ஓட்டுகிறவருக்கும் நிம்மதி இருக்காது.

கைகுலுக்கலில் நின்ற ஏற்பாடு

வாக்கரின் கருநீலக் கார்களை, மூக்கைச் சுற்றி வெள்ளைப் பட்டையோடு, உலகம் அறியச் செய்தவர் பிரிட்டிஷ் ஓட்டுநர் ஸ்டர்லிங் மோஸ். 1958 ஜனவரியில் அர்ஜென்டினா கிராண்ட் பிரீ வந்தபோது, மோஸின் வழக்கமான வான்வால் குழு புதிய எரிபொருள் விதிக்கேற்ப எஞ்சினை மாற்றி முடிக்காததால் அங்கே போகவில்லை. மோஸ் வாக்கரின் சிறிய கூப்பர் காரை இரவல் வாங்கிக்கொண்டு போனார். மற்ற கார்களின் எஞ்சின் 2.5 லிட்டர், இதில் 2 லிட்டருக்கும் குறைவு. கூப்பரின் சக்கரம் ஒவ்வொன்றும் நான்கு போல்ட்டுகளால் பிணைக்கப்பட்டிருந்ததால், டயர் மாற்ற நின்றால் பந்தயமே போய்விடும். நிற்கப் போவது போலவே பிட்டில் ஆயத்தம் காட்டிவிட்டு, நிற்காமலே ஓட்டி முடித்தார். டயரின் ரப்பர் தேய்ந்து உள்ளிருக்கும் துணி வெளியே தெரிந்தது. 2.7 விநாடியில் வெற்றி. உலக சாம்பியன்ஷிப்பில் எஞ்சின் பின்னால் இருந்த கார் பெற்ற முதல் வெற்றி அது.

இந்த இடத்தில் உரிமையாளரின் கண்ணோடு பாருங்கள். உங்கள் காரை வாங்கிக்கொண்டு போனவர், துணி தெரியும்வரை டயரைத் தேய்த்து, நிற்க வேண்டிய இடத்தில் நிற்காமல் ஓட்டியிருக்கிறார். தோற்றிருந்தால் அதைப் பொறுப்பின்மை என்றிருப்போம். ஆனால் மோஸ் அந்தச் சுற்றுகளில் ஒவ்வொரு டயரையும் எண்ணெய்ப் படலம் இருக்கும் இடங்களில் ஓட்டிக் காப்பாற்றிக்கொண்டே வந்தார். வேகமான ஓட்டுநர்கள் நிறைய உண்டு. காரில் இன்னும் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்பதை உட்கார்ந்த இடத்திலேயே கணக்குப் போடுகிறவர்கள் மிகக் குறைவு. வாக்கர் தேர்ந்தெடுத்தது அந்தக் குணத்தை.

இருவருக்கும் இடையே எழுத்தில் ஒப்பந்தம் இருக்கவில்லை, கைகுலுக்கல் மட்டுமே. அதைக் கேட்டு மெய்சிலிர்ப்பவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள். இருவருக்கும் நடுவில் ஆல்ஃப் ஃபிரான்சிஸ் இருந்தார். போலந்தில் பிறந்த இந்த மெக்கானிக், வாக்கரிடம் வருவதற்கு முன்பே மோஸின் சொந்த மசெராட்டியைப் பார்த்துக்கொண்டவர். மோஸ் காரை எப்படி நடத்துவார் என்பது அவருக்குத் தெரியும். காரில் எது பலவீனம் என்பது மோஸுக்கு அவர் மூலம் தெரியும். 1961 மொனாக்கோவில் பந்தயம் தொடங்கச் சில நிமிடங்களுக்கு முன் சட்டகக் குழாய் ஒன்றில் விரிசலை மோஸ் கண்டார். எரிபொருள் தொட்டி நிறைந்திருந்தது. ஈரத் துண்டுகளால் தொட்டியைப் போர்த்திவிட்டு ஃபிரான்சிஸ் அங்கேயே வெல்டிங் செய்தார். சுற்றி நின்றவர்கள் விலகி ஓடினார்கள். அந்தக் கார் லோட்டஸ் 18, முந்தைய ஆண்டின் மாடல். எரிபொருள் நிறுவனங்களோடு இருந்த ஒப்பந்தச் சிக்கலால் புதிய மாடலை லோட்டஸ் வாக்கருக்கு விற்கவில்லை. எதிரே மூன்று ஃபெராரிகள். 100 சுற்றுகள் ஓடி 3.6 விநாடியில் மோஸ் வென்றார்.

எழுத்து ஒப்பந்தம் செய்ய வேண்டிய வேலையை இங்கே ஒரு மனிதர் செய்தார். காரைப் பற்றி உரிமையாளரிடமும் ஓட்டுநரிடமும் ஒரே உண்மையைச் சொல்லும் மெக்கானிக் உங்களிடம் இல்லையென்றால், கைகுலுக்கலை நம்பாதீர்கள். தாளை எடுத்து எழுதிக்கொள்ளுங்கள்.

கார் ஓட்டுநரைக் கைவிடும்போது

காரை இரவல் கொடுப்பது பற்றிப் பேசும் எவரும் ஒரே திசையில்தான் பேசுகிறார்கள்: வாங்கியவர் உடைத்துவிடுவாரோ? வாக்கரின் வரலாறு எதிர்த் திசையிலும் பேசுகிறது.

1959-இல் மோஸ் ஓட்டிய வாக்கரின் கூப்பரில், வலேரியோ கொலோட்டி வடிவமைத்த கியர்பாக்ஸ் பொருத்தப்பட்டிருந்தது. மொனாக்கோவில் முன்னணியில் இருந்தபோது பின்புற இயக்கப் பகுதி பழுதானது. நெதர்லாந்திலும் முன்னணியில் இருந்தபோது கியர்பாக்ஸ் கைவிட்டது. ஆண்டின் கடைசிப் பந்தயம் டிசம்பரில் அமெரிக்காவின் செப்ரிங்கில் நடந்தது. மோஸ் உலகப் பட்டம் வெல்லும் வாய்ப்பு இன்னும் உயிரோடு இருந்தது. முன்னணியில் ஓடிக்கொண்டிருந்தவர் ஐந்தாவது சுற்றிலேயே கியர்பாக்ஸ் உடைந்து இறங்கி வந்தார். எரிபொருள் தீர்ந்துபோன காரைத் தள்ளிக்கொண்டே கோட்டைக் கடந்த ஜாக் பிராபம் உலக சாம்பியனானார். மோஸ் வாழ்நாளில் ஒரு முறைகூட அந்தப் பட்டத்தை வெல்லவில்லை.

1960 ஜூனில் நடந்தது அதைவிட மோசம். பெல்ஜியத்தின் ஸ்பா தடத்தில் பயிற்சியின்போது, வாக்கரின் லோட்டஸ் 18 காரின் பின்சக்கரம் ஒன்று கழன்று ஓடியது. மோஸின் இரண்டு கால்களும் முறிந்தன, முதுகெலும்பிலும் காயம். அவர் செய்த தவறு எதுவும் இல்லை. அதே வார இறுதிப் பந்தயத்தில் கிறிஸ் பிரிஸ்டோ, ஆலன் ஸ்டேசி என்ற இரண்டு ஓட்டுநர்கள் வேறு கார்களில் இறந்தார்கள். ஆகஸ்டில் மோஸ் திரும்பி வந்தார். வாக்கரின் லோட்டஸிலேயே ஏறினார். நவம்பரில் ரிவர்சைடில் நடந்த அமெரிக்க கிராண்ட் பிரீயை அதே கார் வகையில் வென்றார்.

சிஃபர்ட்டுக்கு வாக்கர் இரண்டாவது காரைக் கொடுத்ததை நான் இந்த வரிசையில் வைத்தே பார்க்கிறேன். எட்டு ஆண்டுகளுக்கு முன் அவர் கொடுத்த கார் ஒருவரின் கால்களை முறித்தது. முறிந்தவர் மறுபடியும் அவரை நம்பி ஏறினார். அந்தக் கடன் கணக்கு வாக்கருக்கு மறந்திருக்காது. காரைக் கொடுப்பவர் தன்னை மட்டுமே இழப்பைத் தாங்குபவராக நினைத்துக்கொள்கிறார். உண்மையில் தன் பட்டறையில் யாரோ இறுக்கிய நட்டின் மீது ஒருவர் தன் உடலை வைத்து ஓட்டுகிறார். காரைக் கொடுக்கும் முன் சக்கர ஹப், ஸ்டியரிங் இணைப்புகள், பிரேக் குழாய்கள், இருக்கை வார் ஆகியவற்றின் வயதும் நிலையும் இன்னதென்று ஓட்டப்போகிறவரிடம் வாய்விட்டுச் சொல்ல முடியாத உரிமையாளர், சேதத்துக்கு யார் காசு கொடுப்பது என்று பேசும் தகுதியை இன்னும் அடையவில்லை.

1962

இதைச் சுருக்கமாகவே சொல்ல முடியும். அந்த ஆண்டு ஏப்ரலில் குட்வுட்டில் நடந்த விபத்து மோஸின் பந்தய வாழ்க்கையை முடித்தது. அவருக்காக ஃபெராரி நிறுவனர் என்ஸோ ஃபெராரி தன் கார் ஒன்றை வாக்கரின் நீல நிறத்தில் ஓடவிடச் சம்மதித்திருந்தார். அது நடக்காமலே போயிற்று. நவம்பர் 1 அன்று மெக்சிகோவில், சொந்த நாட்டுப் பந்தயத்தில் ஓட்ட ஆசைப்பட்ட ரிக்கார்டோ ரோட்ரிகஸ், ஃபெராரி கலந்துகொள்ளாததால் வாக்கரின் லோட்டஸ் 24 காரை இரவல் வாங்கி ஓட்டினார். பயிற்சியில் பெரால்டாடா வளைவில் மோதி இறந்தார். வயது 20. டிசம்பரில் தென்னாப்பிரிக்காவின் வெஸ்ட்மீட் தடத்தில் வாக்கரின் இன்னொரு லோட்டஸ் 24-ஐ ஓட்டிய கேரி ஹாக்கிங்கும் பயிற்சியிலேயே இறந்தார். அவருக்கு 25 வயது. முந்தைய ஆண்டு மோட்டார் சைக்கிளில் இரண்டு பிரிவுகளில் உலக சாம்பியன். நண்பர் ஒருவர் பந்தயத்தில் இறந்ததைக் கண்டு மோட்டார் சைக்கிளை விட்டு காருக்கு வந்தவர்.

இரண்டு மாதங்களுக்குள் இரண்டு இளைஞர்கள், இரண்டு பேரும் அவருடைய கார்களில். வாக்கர் பந்தயத்தை விடவில்லை. விட்டிருக்க வேண்டுமா என்பது வெளியிலிருந்து தீர்ப்புச் சொல்லும் விஷயமல்ல. ஆனால் 1968-இல் நொறுங்கிய காரின் பக்கத்தில் சிஃபர்ட் உயிரோடு நின்றபோது, காரின் விலை வாக்கருக்கு எவ்வளவு சிறியதாகத் தெரிந்திருக்கும் என்பதை இதை வைத்து ஊகிக்கலாம். அந்த விலை அப்படியொன்றும் சிறியதல்ல. காரின் இதயமான ஃபோர்டு காஸ்வொர்த் டிஎஃப்வி எஞ்சின் மட்டுமே 7,500 பவுண்டு.

மீண்டும் சிஃபர்ட்டிடமே ஏன்

உணர்ச்சியை ஒதுக்கிவிட்டுக் கணக்காகப் பார்த்தாலும் அந்த முடிவு சரியே. சிஃபர்ட் 1964-இன் இறுதியிலிருந்தே வாக்கரின் குழுவில் ஓட்டியவர். முதலில் பிராபம் கார், பிறகு இரண்டு பருவங்கள் கனமான கூப்பர் மசெராட்டி. வெல்லவே முடியாத காரை வைத்துக்கொண்டு ஒருவர் மூன்று ஆண்டுகள் எப்படி ஓட்டுகிறார் என்று பார்த்துக்கொண்டிருந்தவருக்கு, ஒரு பிற்பகல் மோதல் புதிதாக எதையும் சொல்லிவிடாது. இத்தாலியின் என்னா தடத்தில் 1964-லும் 1965-லும் ஜிம் கிளார்க்கை முந்தி வென்றவர் என்ற அளவுகோலும் கையில் இருந்தது.

புதிய வகைக் காரில் முதல் ஓட்டத்தில் மோதுவது தனி வகை விபத்து. லோட்டஸ் 49 அவர் பழகிய கூப்பரைவிட மிக இலகுவானது. எஞ்சின் ஆற்றலும் அதிகம், அது வந்து சேரும் விதமும் திடீரென்று. கையும் காலும் பழைய காரின் கணக்கிலேயே இருக்கும். கண்ணுக்குத் தெரிந்த அபாயத்தை மீறி மோதுவதும், காருக்கு இன்னும் பழகாததால் மோதுவதும் ஒன்றாகா. முதல் வகைக்காரருக்கு இரண்டாவது காரைத் தருவது முட்டாள்தனம். இரண்டாம் வகைக்காரர் அதற்குள் பாடத்தைக் கற்றிருப்பார். அந்தப் பாடத்துக்கான செலவை நீங்கள் ஏற்கெனவே கட்டிவிட்டீர்கள். வேறொருவரை அமர்த்தினால் அவரும் அதே பாடத்தை உங்கள் காரில்தான் படிக்க வேண்டும். இடைப்பட்ட பந்தயங்களில் குழு வேறொரு லோட்டஸ் 49-ஐ வைத்துச் சமாளித்தது. சிஃபர்ட்டின் கை அந்த வகைக் காருக்குப் பழகியது. ஜூலையில் 49பி வந்தபோது அவருக்கு அது அந்நியமாக இருக்கவில்லை.

பேசாமல் விட்டவையும் பேசி முடித்தவையும்

1950-களின் விதிகளின்படி பந்தயத்தின் நடுவிலேயே ஒரு காரை இன்னொரு ஓட்டுநர் வாங்கி ஓட்டலாம். புள்ளிகளைப் பாதியாகப் பகிர்ந்துகொள்வார்கள். 1958-இல் அந்தப் புள்ளிப் பகிர்வை நிறுத்தினார்கள். அதற்கு முந்தைய இரண்டு நிகழ்ச்சிகளை அருகருகே வைத்தால் ஒரு வேறுபாடு துலங்கும்.

1956 செப்டம்பரில் இத்தாலியின் மோன்சாவில், அர்ஜென்டினா ஓட்டுநர் ஃபாங்கியோவின் ஃபெராரி ஸ்டியரிங் பழுதாகி நின்றது. சக ஓட்டுநர் லூயிஜி முஸ்ஸோ பிட்டுக்கு வந்தபோது காரைக் கொடுக்கச் சொன்னார்கள். அவர் மறுத்துவிட்டு ஓட்டிக்கொண்டு போய்விட்டார். பின்னால் வந்த பீட்டர் காலின்ஸ், பட்டம் வெல்லத் தனக்கும் வாய்ப்பு இருந்த நிலையிலேயே, இறங்கிக் காரைக் கொடுத்தார். ஃபாங்கியோ இரண்டாவதாக வந்து நான்காவது முறை உலக சாம்பியனானார். காலின்ஸைப் புகழ்ந்து எழுதாதவர்கள் இல்லை. எனக்கோ முஸ்ஸோ மீது கோபம் வருவதில்லை. சொந்த நாட்டு ரசிகர்கள் முன்னால், பந்தயத்தின் பாதியில், எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போது கேட்கப்படும் கேள்விக்கு மறுப்பு இயல்பான பதில். குற்றம் அதை முன்கூட்டியே பேசி முடிக்காத குழுவினுடையது.

1957 ஜூலை 20 அன்று இங்கிலாந்தின் ஏன்ட்ரியில் பிரிட்டிஷ் கிராண்ட் பிரீயில் நடந்ததைப் பாருங்கள் (சிஃபர்ட்டின் வெற்றிக்குச் சரியாகப் பதினோரு ஆண்டு முந்தைய அதே தேதி). டோனி புரூக்ஸ் லெ மான் விபத்தில் பட்ட காயம் ஆறாமல் இருந்தார். நீண்ட பந்தயத்தை முழுக்க ஓட்ட உடம்பு இடம் கொடுக்காது என்பது அவருக்கே தெரியும். அதே குழுவில் இருந்த மோஸின் கார் நின்றால் தன் வான்வாலைக் கொடுத்துவிடுவதென்று பந்தயத்துக்கு முன்பே ஏற்பாடு. மோஸின் எஞ்சின் தகராறு செய்தது. புரூக்ஸ் பிட்டுக்கு வந்து இறங்கினார். மோஸ் ஏறி ஒன்பதாம் இடத்திலிருந்து தொடங்கி வென்றார். இருவர் பெயரிலும் வெற்றி பதிவானது. அங்கே பெருந்தன்மை பற்றிய பேச்சே எழவில்லை, எழத் தேவையும் இருக்கவில்லை.

இன்று காரைக் கொடுக்கும் சாதாரண உரிமையாளருக்கு இதில் பாடம் இருக்கிறது என்றால், அது பேசும் நேரத்தைப் பற்றியது. எஞ்சின் சூடான பிறகு, தலைக்கவசத்தை மாட்டிக்கொண்டு நிற்பவரிடம் ‘கொஞ்சம் பார்த்து’ என்று சொல்வதெல்லாம் பேச்சாகாது. வீட்டில், கார் கண்ணில் படாத இடத்தில், பேசி முடிக்க வேண்டும். சாதாரண வாகனக் காப்பீடு பந்தயத் தடத்தில் நடக்கும் சேதத்தை ஏற்பதில்லை என்பதால் செலவு இருவரில் ஒருவரின் பையிலிருந்தே வரும். மோதலைப் பற்றி எல்லாரும் பேசிவிடுகிறார்கள். பேசாமல் விடுவது எஞ்சினைப் பற்றி.

நான்காவது கியரிலிருந்து ஐந்தாவதுக்குப் போக வேண்டியவர் தவறுதலாக மூன்றாவதுக்குத் தள்ளிவிட்டால், சக்கரங்களின் வேகம் எஞ்சினைப் பிடித்து அதன் எல்லைக்கு மேலே சுழற்றிவிடும். வேக வரம்புக் கருவி எரிபொருளையோ தீப்பொறியையோ மட்டுமே நிறுத்தும். சக்கரம் வழியாக வரும் சுழற்சியை அதனால் தடுக்க முடியாது. வால்வுகள் பிஸ்டனில் மோதும். சில சமயம் உடனே சத்தம் வரும். சில சமயம் வராது. இரவல் வாங்கியவர் நன்றி சொல்லிவிட்டுப் போன பிறகு, உரிமையாளர் ஓட்டும்போது உடையும். அப்போது யாருடைய குற்றம்? எஞ்சினின் சுழற்சி வேகத்தைக் காட்டும் டேக்கோமீட்டரில், பழைய பந்தயக் கார்களில் இரண்டாவது முள் ஒன்று உண்டு. எஞ்சின் எட்டிய உச்சத்திலேயே அது நின்றுவிடும், கையால் திருப்பிவிடும்வரை இறங்காது. இன்று அந்த வேலையைத் தரவுப் பதிவுக் கருவி செய்கிறது. கொடுப்பதற்கு முன்பும் வாங்கிய பிறகும் இருவரும் சேர்ந்து அதைப் பார்ப்பது அவநம்பிக்கை ஆகாது. நல்ல ஓட்டுநர்கள் தாங்களே வந்து, இந்தச் சுற்றில் ஒரு கியர் தவறியது என்று சொல்லிவிடுவார்கள். அப்படிச் சொன்னவருக்கு மறுமுறையும் கொடுக்கலாம். சொல்லாமல் போய், முள் காட்டிக்கொடுத்தவருக்கு மிதிவண்டியைக்கூடக் கொடுக்காதீர்கள்.

இருக்கையும் பெடல் தூரமும் இரவல் ஓட்டங்களில் அதிகம் அலட்சியம் செய்யப்படுபவை. உரிமையாளரின் உயரத்துக்குச் செய்த இருக்கையில் தலையணை ஒன்றைச் செருகிக்கொண்டு ஓட்டுகிறவரின் கால், அவசரத்தில் பிரேக்கை முழுதாக அழுத்தாது. அரை நாள் செலவழித்துச் சரிசெய்ய முடியாது என்றால் அன்று கொடுக்காமல் இருப்பதே நியாயம்.

இங்கிலாந்தின் குட்வுட் ரிவைவல் விழாவில் செயின்ட் மேரிஸ் டிராஃபி என்ற பந்தயம் இந்தச் சங்கடத்தை வேடிக்கையாகத் தீர்த்திருக்கிறது. பழைய சலூன் கார்கள்; ஒரு நாள் பெயர்பெற்ற தொழில்முறை ஓட்டுநர்கள் ஓட்டுகிறார்கள், மறுநாள் அதே கார்களை உரிமையாளர்கள் ஓட்டுகிறார்கள், இரண்டு நேரங்களையும் கூட்டித்தான் பரிசு. தன் காரில் இன்னும் எவ்வளவு வேகம் ஒளிந்திருந்தது என்பதை முதல் நாளே பார்த்துவிட்டு மறுநாள் அதில் ஏறுவதற்குத் தனி மனத்துணிவு வேண்டும்.

ஹில்

வாக்கரின் முடிவுகளில் நான் நெடுநாள் தவறென்று நினைத்தது ஒன்று உண்டு. 1969 அக்டோபரில் வாட்கின்ஸ் கிளென் தடத்தில் கிரஹாம் ஹில்லின் இரண்டு கால்களும் முறிந்தன. இரண்டு முறை உலக சாம்பியன், வயது நாற்பது. இனி ஓட்ட மாட்டார் என்றே பலரும் நினைத்தார்கள். லோட்டஸ் குழுவில் அவருக்கு இடமில்லை. 1970 பருவத்துக்கு வாக்கர் தன் லோட்டஸ் 49-ஐ அவருக்குக் கொடுத்தார். முதல் பந்தயம் மார்ச்சில் தென்னாப்பிரிக்காவின் கயலாமியில். சரியாக நடக்கவே முடியாதவர், பிறர் உதவியோடு காரில் ஏற வேண்டிய நிலை.

ஒரு நண்பரின் மனத்தைக் காப்பாற்றுவதற்காகக் காரைக் கொடுப்பது, இரவல்களிலேயே ஆபத்தானது. மறுக்க வாய் வராது. மற்ற எல்லா அளவுகோல்களும் தளர்ந்துவிடும். கிளட்சை அழுத்த ஒருவருக்குப் பலம் இருக்கிறதா என்ற எளிய கேள்வியைக்கூடக் கேட்க முடியாமல் போகும். வாக்கரும் அந்தக் குழியில் விழுந்தார் என்றே எண்ணியிருந்தேன்.

பிறகு கயலாமிக்கான பதிவுப் பட்டியலைப் பார்த்தபோது கருத்து மாறியது. வாக்கர் குழுவின் பெயரில் இன்னொரு ஓட்டுநரும் அதில் இருக்கிறார்: பிரையன் ரெட்மன். பயிற்சியில் ஹில்லால் முடியாமல் போனால் காரில் ஏறுவதற்காக அவரை அழைத்து வந்திருந்தார்கள். ஹில்லுக்கு ஆசைப்பட்ட இருக்கை கிடைத்தது. முடியவில்லை என்று சொன்னால் பந்தயமே கெட்டுப்போகுமே என்ற பாரமும் அவர் மீது வைக்கப்படவில்லை. ரெட்மன் ஓட்ட வேண்டி வரவில்லை. ஹில் பந்தயத்தைக் கடைசிவரை ஓட்டி ஆறாவதாக வந்து ஒரு புள்ளி எடுத்தார்.